பிள்ளைத்தாச்சி வீட்டு அப்பிள் மரங்கள்

லூயிஷாம்
19 ஜூன் 1988

அன்புள்ள நாயகிக்கு,

டெலிபோனில் உம்மைப் பிடிக்க முடியவில்லை. எப்போது எடுத்தாலும் பாலாம்பிகை அக்காதான் வருகிறார். "அவ இப்பத்தான் படுத்தவ, தம்பி" என்கிறார். காலையில் எடுத்தாலும் அதே பதில், பின்னேரம் எடுத்தாலும் அதே பதில். ஒரு மனுஷி கிழமைக்கணக்காக நித்திரையே கொண்டிருக்க மாட்டாள் என்பது எனக்கும் விளங்கும். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை அக்கா உடைக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது? தையல் ஆறிவிட்டதா? பத்தியக்கறி ஒழுங்காகச் சாப்பிடுகிறீரா? பிள்ளை உயிரில்லாமல் பிறந்த பிறகு உமக்கு ஒரு பெண்துணை வேண்டும் என்று நான்தான் உம்மை ஈஸ்ட் ஹாமுக்குக் கூட்டிப்போய் உமது அக்கா வீட்டில் விட்டேன். ஒரு மாதம் என்றுதான் பேசினோம். மாதம் முடிந்துவிட்டது. நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், எப்போது வருவீர்?

வீட்டில் புதினம் ஒன்றும் இல்லை. பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் மாறியிருக்கிறது. போன ஒக்ரோபர் புயலில் பக்கத்து வீட்டுக் கிழட்டு அப்பிள் மரம் எங்கள் வேலியைத் தகர்த்துக்கொண்டு விழுந்ததல்லவா, அந்த வெளியில் நாம் நட்ட இரண்டு கன்றுகளும் துளிர்த்துவிட்டன. பிப்ரவரியில் நான் வெட்டிவிட்ட இடத்திலிருந்து கம்பு கம்பாக எறிந்திருக்கின்றன. நீர் பார்த்தால் சிரிப்பீர்.

உமது,
அம்பலவாணன்


ஈஸ்ட் ஹாம்
3 ஜூலை 1988

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்கா உடைக்கவில்லை. டெலிபோனுக்கு வராதது அக்காவின் வேலையல்ல, நான்தான் வரமாட்டேன் என்றேன்.

மரம் துளிர்த்தது என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எழுத வேறு செய்தி கிடைக்கவில்லையா?

ஆறு மாத வயிற்றோடு நான் குசினி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் கத்தரியும் கையுமாகப் போனீர்கள். நான் கதவைத் திறந்து சொன்னேன்: "இஞ்சாருங்கோ, நான் இப்பிடி இருக்கேக்கை நீங்கள் மரத்திலை கத்தி வைக்கக்கூடாது. பிள்ளை பிறந்தாப்பிறகு வெட்டலாம்." அதற்கு நீங்கள், "பிள்ளை பிறக்கேக்கை மரம் துளிர்த்திடும், பிறகு வெட்டேலாது. உந்தச் சட்டமெல்லாம் எங்கடை மாமரத்துக்கு, இந்த நாட்டு அப்பிளுக்கில்லை" என்றீர்கள். சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். அந்தச் சிரிப்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மனைவி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது புருஷன் மரம் வெட்டக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமா? நீங்கள் வயிற்றில் இருந்த காலத்தில் உங்கள் அப்பா ஒரு வேலிக் கதியால்கூட வெட்டவில்லை என்று உங்கள் அம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். அக்கா "கெடுகுடி சொல் கேளாது" என்கிறார். நான் அவரோடு வாதாடவில்லை. எதைச் சொல்லி வாதாடுவது?

அந்த இரண்டு மரத்தையும் வேரோடு பிடுங்கி எறியுங்கள். பிறகு வருகிறேன். அவை நிற்கும் வளவுக்குள் நான் காலடி வைக்கமாட்டேன்.

தவநாயகி


லூயிஷாம்
25 செப்டம்பர் 1988

அன்புள்ள நாயகிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்குக் காரணம் கோபம் அல்ல. பிடுங்கிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். மண்வெட்டியோடு போய் நின்றேன். திரும்பி வந்தேன். இன்னொரு நாளும் போனேன்.

பிடுங்கவில்லை. பிடுங்கவும் மாட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன். அவற்றைப் பிடுங்கினால், என் கையால்தான் எங்கள் பிள்ளை செத்தது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். நஞ்சுக்கொடி நேரத்துக்கு முன்னால் பிரிந்துவிட்டது, யாராலும் தடுத்திருக்க முடியாது என்று டொக்டர் உமக்கும் எனக்கும் ஒன்றாக வைத்துத்தானே சொன்னார். நான் அதை நம்புகிறேன். நம்பிக்கொண்டும், வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது என் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு வருகிறேன். போதாதா?

நீர் சொன்னால் இந்த வீட்டை விற்றுவிட்டு எங்கே என்றாலும் வருகிறேன். ஈஸ்ட் ஹாமிலேயே ஒரு அறை எடுத்து இருக்கலாம். மரத்தைப் பிடுங்கு என்று மட்டும் கேட்க வேண்டாம்.

உமது,
அம்பலவாணன்


ஈஸ்ட் ஹாம்
15 ஜனவரி 1989

உங்களுக்கு,

வீட்டை விற்க வேண்டாம். உங்களுக்கு எழுதாமல் இருந்தேனே தவிர, யோசிக்காமல் இருக்கவில்லை.

நான் வேலைக்குப் போகிறேன். மரக்கன்று விற்கும் இடம், பஸ்ஸில் இருபது நிமிஷம். அக்கா வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். முதலில் தொட்டி அடுக்கினேன், இப்போது மிஸிஸ் பிரிச்சர்ட் என்ற மனுஷி கிளை வெட்டும் கவ்வாத்து வேலைக்கும் கூட்டிப்போகிறார். முதல் நாள் கத்தரியை என் கையில் தந்தபோது கீழே வைத்துவிட்டேன். அடுத்த நாள் எடுத்தேன். எனக்கு இனி என்ன நடக்க இருக்கிறது?

நீங்கள் வெட்டிய விதத்தை அவருக்குச் சொன்னேன். ஒரு வயதுக் கன்றை அடியில் ஒரு சாண் மட்டும் விட்டு ஒட்ட வெட்டினார் என்றேன். மனுஷி தலையில் கை வைத்துவிட்டார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊரில், இணுவிலில், உங்கள் அப்பா பந்தலில் முந்திரிகைக் கொடியை அப்படித்தான் வெட்டுவார், வெட்டினால்தான் திராட்சைக் குலை தள்ளும். அப்பிள் என்ன கொடியா? குரங்கு கையில் பூமாலை.

இப்போது ஒவ்வொரு மரத்திலும் ஏழெட்டுக் கம்பு செங்குத்தாய் நிற்கும். நான்கை மட்டும் வையுங்கள், நான்கு பக்கமும் போகிறவையாக, தண்டிலிருந்து அகல விரிந்தவையாக. தண்டோடு ஒட்டி நிமிர்வதைப் பார்த்தால் பலமானது போல இருக்கும். காய் பிடித்துப் பாரம் ஏறும்போது அதுதான் கிழிந்து விழும். அவற்றை அடியோடு எடுங்கள். வைத்த நான்கையும் பாதியில் வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்க்கும் முளைக்கண் ஒன்றைத் தேடி, அதற்குச் சற்று மேலே, சாய்வாக. உள்ளே பார்க்கும் கண்ணை விட்டால் கிளை நடுவுக்குள் வளர்ந்து வெயிலை மறைக்கும். உறைபனி விழுந்த நாளில் தொட வேண்டாம். கத்தரியைத் தீட்டுங்கள், நசிந்த வெட்டு ஆறாது.

பிடுங்கச் சொன்னதை நான் திரும்ப வாங்கவில்லை. நிற்கும்வரைக்கும் ஒழுங்காக நிற்கட்டும் என்று எழுதுகிறேன்.

தவநாயகி


லூயிஷாம்
26 பிப்ரவரி 1989

அன்புள்ள நாயகிக்கு,

குரங்கு எழுதுகிறது.

உமது கடிதத்தை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, வேலியில் கொழுவிவிட்டு, வரி வரியாகப் பார்த்து வெட்டினேன். இரண்டில் கொக்ஸ் இனத்து மரம் சொன்னபடி கேட்டது. மற்றது, பிராம்லி இனத்து மரத்தில் அகல விரிந்த கம்பு மூன்றுதான் கிடைத்தது. நான்காவதுக்கு நிமிர்ந்த ஒன்றை வைப்போமா என்று நினைத்துவிட்டு, உமக்குப் பயந்து எடுத்துவிட்டேன். இப்போது இரண்டும் மொட்டையாய், வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கின்றன. பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்து, முந்தின தரத்தைவிட இது பரவாயில்லை என்றார்.

உமது எழுத்தைப் பார்த்து வெட்டும்போது நீர் பக்கத்தில் நின்று ஏசுவது போல இருந்தது. நாயகி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சொல்லை எழுதவே பயமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

உமது,
அம்பலவாணன்


ஈஸ்ட் ஹாம்
8 ஒக்ரோபர் 1989

உங்களுக்கு,

வைகாசியிலும் ஆவணியிலும் நீங்கள் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. சுகமாக இருக்கிறேன். அக்காவும் சுகம்.

அடுத்த சித்திரையில் உங்கள் மரங்கள் பூக்கலாம் என்கிறார் மிஸிஸ் பிரிச்சர்ட். பூத்து என்ன பிரயோசனம்? அப்பிள் தன் பூவுக்குத் தானே காய்க்காது. வேறு இனத்து மரம் ஒன்று கிட்டத்தில் அதே நேரம் பூக்க வேண்டும். பிராம்லியின் மகரந்தம் யாருக்கும் உதவாது. அதுவும் மற்றவர்களிடம் வாங்கிக்கொள்ளும் சாதி. பக்கத்து வளவில் நின்ற மரமும் புயலோடு போய்விட்டது. ஆகவே ஒரு கிராப் அப்பிள் நட வேண்டும். காய் சிறிது, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது, வாயில் வைக்க முடியாத புளிப்பு. மற்ற மரங்களைக் காய்க்கவைக்கத்தான் அதை வைப்பது.

வடிவைப் பார்த்து வாங்கப் போகிறீர்கள், அதற்காகத்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். உங்களைத் தனியே விட்டால் கடும் சிவப்புப் பூ உள்ளதாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். அது வேண்டாம். ஜோன் டௌனி என்று ஒன்று இருக்கிறது, செம்மஞ்சள் காய், ஜாம் காய்ச்ச அதை அடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி நோய் வரும், உங்கள் நிலம் ஈரம். கோல்டன் ஹோர்னெற் எடுங்கள். வெள்ளைப் பூ, மஞ்சள் காய். கிழமைக்கணக்காகப் பூத்துக்கொண்டிருக்கும். கொக்ஸ் முந்தினாலும் பிராம்லி பிந்தினாலும் இரண்டுக்கும் அது பூவோடு நிற்கும்.

மூன்று வயதுக் கன்று ஒன்றை உங்கள் பெயரில் ஒதுக்கியிருக்கிறேன். நவம்பர் நடுவில், செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வந்து எடுங்கள். செவ்வாய் எனக்கு லீவு.

தவநாயகி


லூயிஷாம்
27 மே 1990

அன்புள்ள நாயகிக்கு,

நவம்பரில் கன்றை எடுக்க வந்ததைப் பற்றி நான் விபரமாக எழுதவில்லை. செவ்வாய்க்கிழமைதான் வந்தேன். நீர் இல்லை என்று தெரிந்தும் கண்ணாடிக் கொட்டகைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். கொழுவியில் உமது பச்சை ஏப்ரன் தொங்கியது, பெயர் எழுதியிருந்தது. பிறகு மரத்தைச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தேன். பிரேதம் காவுகிறவனைப் பார்ப்பது போல எல்லாரும் விலகி இடம் விட்டார்கள்.

அது போகட்டும். கிராப் அப்பிள் பூத்தது, நாயகி. நீர் சொன்னபடி வெள்ளையாய், மூன்று கிழமைக்கு மேலாக. கொக்ஸும் கொஞ்சம் பூத்தது. இப்போது பூ உதிர்ந்த இடத்தில் பிஞ்சு நிற்கிறது. எண்ணவில்லை, கண் பட்டுவிடும். ஒவ்வொன்றும் கடலை அளவு.

ஒரு சந்தேகம். கன்றோடு தந்த தாளில், இளமரத்தில் முதல் வருஷம் பிடிக்கும் பிஞ்சுகளைக் கிள்ளிவிட வேண்டும், விட்டால் மரம் களைத்துவிடும் என்று இருக்கிறது. இரண்டு தரம் கையைக் கொண்டுபோனேன். கிள்ள முடியவில்லை. கிள்ளுவதா, விடுவதா? நீர் சொல்கிறபடி செய்கிறேன்.

உமது,
அம்பலவாணன்


ஈஸ்ட் ஹாம்
3 ஜூன் 1990

உங்களுக்கு,

கிள்ளுவதா விடுவதா என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். கடலை அளவு பிஞ்சைக் கிள்ள என்னைக் கேட்கத் தெரிந்த உங்களுக்கு, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்கத் தெரியவில்லையே.

போன சனிக்கிழமை ஹை ஸ்ட்ரீட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு இளம்பெண் வந்து கையைப் பிடித்தாள். றோஸ்மலர். எங்கள் வார்டில் நின்ற தமிழ் நேர்ஸ். எப்படி இருக்கிறீர்கள் அக்கா என்று கேட்டாள். கதையோடு கதையாக, "உங்களுக்கு ஒருக்கா காட்டாமல் விட்டது எனக்கு இண்டைக்கும் மனவருத்தம்" என்றாள். என்னத்தை என்று கேட்டேன். "நான் பிள்ளையைத் துவாயிலை சுத்திக்கொண்டு உங்களிட்டைத்தான் வந்தனான் அக்கா. அண்ணைதான் கதவடியிலை மறிச்சு, காட்டாதையுங்கோ தங்கச்சி, அவ தாங்கமாட்டா எண்டவர். உங்களைக் கேட்டுத்தான் சொல்லுறாராக்கும் எண்டு நான் நினைச்சன்." மீன்காரன் பையை நீட்டிக்கொண்டு நின்றான். நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

பிள்ளையைக் காட்டமாட்டார்கள், அதுதான் இந்த நாட்டு முறை என்று நான் இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் என்னிடம் வந்துகொண்டிருந்தாள். கதவடி வரை வந்துவிட்டாள். நீங்கள் மறித்திருக்கிறீர்கள்.

மரத்தில் கத்தி வைத்ததால் பிள்ளை சாகவில்லை. அது எனக்கு எப்போதோ தெரியும். கோபத்தை எங்கேயாவது வைக்க வேண்டும், அதை மரத்தில் வைத்தேன். இனி மரத்தில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வழக்கத்தை மீற வேண்டாம் என்று நான் கெஞ்சிய இடத்தில் சிரித்துக்கொண்டு மீறினீர்கள். செத்த பிள்ளையைத் தாய்க்குக் காட்டக்கூடாது என்ற ஊர் வழக்கத்தை மட்டும் ஏன் காப்பாற்றினீர்கள்? நான் எட்டு மாதம் சுமந்த பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இதை நான் எப்படிப் பொறுப்பேன்?

தவநாயகி


லூயிஷாம்
7 ஜூன் 1990

அன்புள்ள நாயகிக்கு,

றோஸ்மலர் சொன்னது உண்மை.

அன்றைக்குப் பாலாம்பிகை அக்கா ஆஸ்பத்திரி நடையில் நின்றார். "காட்டாதையும் தம்பி. பச்சை உடம்பு. கண்டால் மனம் விடாது, எங்கடை ஊரிலை தாய்க்குக் காட்டுறேல்லை" என்றார். அவர் உமது நன்மைக்குச் சொன்னார். பழியை அவரில் போட இதை எழுதவில்லை. கதவை மறித்தது நான்.

ஏன் என்று கேட்டீர். டொக்டரை நம்புகிறேன் என்று உமக்கு எழுதினேன். அந்தக் கதவடியில் நான் டொக்டரை நம்பவில்லை. ஒன்றை மீறினேன், பிள்ளை போய்விட்டது. இதையும் மீறினால் நீரும் போய்விடுவீர் என்று பயந்தேன். அவ்வளவுதான். படித்தவன், சிரித்தவன், பயத்தில் செய்தேன். உம்மைக் கேட்டிருக்க வேண்டும்.

பெண்பிள்ளை என்பதைத் தவிர உமக்கு ஒன்றும் தெரியாது. நீர் கேட்டால் அழுவீர் என்று நானும் சொல்லவில்லை. இனிச் சொல்கிறேன்.

றோஸ்மலர் என் கையில் தந்தபோது சூடு இருந்தது. பாரம் குறைவு, ஆனால் கையில் நன்றாகப் பொருந்திக் கிடந்தாள். தலைமயிர் நிறைய, கறுப்பு, ஈரத்தோடு நெற்றியில் ஒட்டியிருந்தது. கண் மூடியிருந்தது. உதடு கருஞ்சிவப்பு. கைவிரல்கள் நீளம், நகம்கூட வளர்ந்திருந்தது. மூக்கு என்னுடையது, பாவம். வலது காதின் மேல் ஓரம் உள்ளே மடிந்திருந்தது, உமது காதைப் போல. நான் அதை விரலால் நிமிர்த்திப் பார்த்தேன். விட்டதும் திரும்ப மடிந்துகொண்டது. அழுகிற முகம் இல்லை, நாயகி. நித்திரை கொள்கிற முகம்.

ஹிதர் கிரீன் மயானத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் செபமாலைமுத்து அண்ணையும் நானும் அவளை அங்கேதான் அடக்கம் செய்தோம். அவர் தன் செபத்தைச் சொன்னார். நான் தேவாரம் ஒன்று தொடங்கினேன், முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மாதம் ஒருதரம் போகிறேன். உமக்குச் சொல்லாமல் போனேன், அதுவும் பிழை.

வேறு ஒன்றும் ஒளித்து வைத்திருக்கவில்லை. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

உமது,
அம்பலவாணன்


ஈஸ்ட் ஹாம்
12 ஜூன் 1990

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய், கொட்டகைக்குப் பின்னால் இருந்து வாசித்தேன். மிஸிஸ் பிரிச்சர்ட் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் காது அப்படி மடிந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. மயிருக்குள் மறைந்து கிடப்பதை யார் பார்க்கிறார்கள்? வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். அக்காவிடம் காட்டினேன். "ஓமடி, பிறக்கேக்கையே உனக்கு அப்பிடித்தான். அம்மா எண்ணெய் பூசி நீவி நீவிப் பார்த்தவ, நிமிரேல்லை" என்றார். நேற்றிலிருந்து என் கை அங்கேயே போகிறது. நிமிர்த்திவிடுகிறேன். திரும்ப மடிகிறது. மகள் என்னிடமிருந்து ஒன்றாவது எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. அதை இங்கே வைத்துக்கொண்டிருந்து என்ன செய்ய? அதையும் கட்டிக்கொண்டு வருகிறேன்.

அக்காவிடமும் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அழுதார். பிறகு, நான் மயானத்துக்குப் போகப்போகிறேன் என்றதும், "சுடலைக்குப் பொம்பிளையள் போறேல்லையடி" என்று மறித்தார். "நான் சுடலைக்குப் போகேல்லை அக்கா, பிள்ளையிட்டைப் போறன்" என்றேன். என் உடுப்புகளை அவரே மடித்துப் பெட்டியில் வைத்தார்.

வேலையை விடவில்லை. லூயிஷாமிலிருந்து ரயிலில் வந்துபோகலாம். பிஞ்சுகளைத் தொட வேண்டாம், வந்து பார்த்துச் சொல்கிறேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மயானத்துக் கேற்றடியில் நில்லுங்கள். பெட்டியோடு வருவேன், அதை வாங்கிக்கொள்ளுங்கள். இடம் எனக்குத் தெரியாது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, நீங்கள் கொஞ்சம் தள்ளிப் போங்கள். இரண்டு வருஷம் அவளோடு நீங்கள் தனியாக இருந்தீர்கள். கொஞ்ச நேரம் நான் இருக்க வேண்டும். பிறகு கூப்பிடுகிறேன், வாருங்கள்.

நாயகி